அக்கா போட்ட வெல்டு

எங்கள் பட்டறையில் என் தம்பிக்குப் பெயர் கோணல். பதினேழு வயதில் அவன் செய்த முதல் இரும்பு கேட்டினால் வந்த பெயர். ரசமட்டம், மூலைமட்டம் எல்லாம் வைத்து முறையாகத்தான் செய்தான். கொண்டுபோய் மாட்டினால் ஒரு பக்கம் வானத்தைப் பார்த்தது, மறுபக்கம் தரையைப் பார்த்தது. அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்த அன்று நான் திட்டிய திட்டு மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். அவன் காதில் மட்டும் விழவில்லை. கேட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, "அக்கா, இது எங்கயோ கிளம்புற மாதிரி இருக்கு பாரேன்" என்றான். இவன் வெல்டிங்குக்கு லாயக்கில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அந்த முடிவை இன்றுவரை மாற்றிக்கொள்ளத் தேவை வரவில்லை.

வெல்டிங்குக்குத்தான் லாயக்கில்லையே தவிர, சிற்பத்துக்கு ஆளாகிவிட்டான். அப்பா போன பிறகு பட்டறையை நான் எடுத்து நடத்தினேன், அவன் கலைக் கல்லூரிக்குப் போனான். பதினொரு வருடம் நாயாக அலைந்தான். போன வருடம் ஒருவழியாக அவனுடைய இரும்புச் சிலை ஒன்றை நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் ஒரு வருடத்துக்கு வைக்க ஒப்புக்கொண்டார்கள். அந்த வருடமும் முடிந்தது. அதை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்புவதா என்று அவர்களுடைய தேர்வுக் குழு கூடி முடிவு செய்யும் நாள் வந்தது.

"திருப்பி அனுப்பிட்டாங்கன்னா அவ்வளவுதான் அக்கா. அடுத்து எவனும் கூப்பிட மாட்டான்" என்றான் தம்பி போனில். "நீயும் மாமாவும் வாங்க. கூட இருந்தா தைரியமா இருக்கும்."

மாமா என்று அவன் சொன்னது என் வீட்டுக்காரரை. பட்டறையில் பட்டி போடுவது, தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அவர் இலாகா. அந்தச் சிலையில் உருவம் தம்பியுடையது, வெல்டு என்னுடையது, பெயின்ட் அவருடையது. இருந்தும் ஒரு வருடமாக நான் அதை அந்தத் தோட்டத்தில் போய்ப் பார்க்கவில்லை. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால் பயம். அவ்வளவு பெரிய இடத்தில் நம் வேலை சின்னதாகத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். பன்னிரண்டு மணிக்குக் குழு வரும் என்றார்கள். நாங்கள் ஒன்பதரைக்கே போய் நின்றோம். தம்பி அருங்காட்சியக இயக்குநரோடு பேசிக்கொண்டிருப்பதாகவும் பத்தரைக்குத் தோட்டத்துக்கு வரச் சொன்னதாகவும் வாசலில் இருந்த பெண் சொன்னாள். பையை வாங்கி வைத்துக்கொண்டு எங்களை உள்ளே விட்டாள்.

முதல் அறையில் ஒரு சுவர் முழுக்க வெள்ளையாக ஒரு ஓவியம். அதன் முன்னால் என் வீட்டுக்காரர் நின்றார். நின்றவர் நகரவே இல்லை. காவலுக்கு இருந்த அம்மா மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டார், மனிதர் ஓவியத்தில் கரைந்துவிட்டார் என்று நினைத்து. எனக்கல்லவா தெரியும் அவர் எதைப் பார்க்கிறார் என்று.

"சுவர்ல பட்டி எப்படி போட்டிருக்கான் பாரு" என்றார் மெல்ல. "நேத்து வரைக்கும் இங்க வேற படம் மாட்டியிருப்பாங்க. ஆணி அடிச்ச தடம் ஒண்ணாவது தெரியுதா?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை எல்லா ஓட்டையும் அடைச்சு புதுசா அடிப்பாங்க சார்" என்றார் காவல் அம்மா. "அதுக்குன்னே ரெண்டு பேர் இருக்காங்க."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேறு நாட்டில் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். அவருக்கு இந்த உலகத்தில் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், ஓட்டை. கேட்டோ கம்பியோ பீரோவோ, அவர் கை பட்டு வெளியே போகும் பொருளில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் ஊசி முனை அளவு ஓட்டை கிடைக்காது. அதை அவரே எல்லோரிடமும் சொல்வார். அந்தக் காவல் அம்மாவிடமும் சொன்னார்.

அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. அடுத்த அறையில் உத்தரத்திலிருந்து ஒரு எவர்சில்வர் வளையம் தொங்கியது. ஆளுயரம் இருக்கும். எல்லோரும் அதில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து அடியில் இணைப்பைத் தேடினேன். கிடைத்தது. வெல்டின் அலைகள் சாய்ந்திருந்த பக்கத்தைப் பார்த்ததுமே இதைப் போட்டவன் இடதுகைக்காரன் என்று தெரிந்துவிட்டது. எங்கள் பின்னாலேயே வந்த காவல் அம்மாவிடம் சொன்னேன். அவர் பெயர்ப் பலகையை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, "அப்படி ஒண்ணும் எழுதலியேம்மா" என்றார். எழுதமாட்டார்கள்தான். ஆனால் அவன் நல்ல வேலைக்காரன். எங்கேயோ இருக்கும் அந்த இடதுகைக்காரனுக்கு மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டேன்.

மூன்றாவது அறையில்தான் வாய் அடைத்துப் போனது. கூரை வரை உயர்ந்த ஒரு இரும்புத் தகடு. தகடு என்றால் ஒரு அங்குலக் கனம். அதைச் சுருட்டி, நடுவில் நாம் நடந்துபோகிற மாதிரி வழி விட்டிருந்தார்கள். உள்ளே போகப் போகச் சுவர் சாய்கிறது, வழி குறுகுகிறது, பிறகு திடீரென்று விரிகிறது. எந்த ரோலரில் வளைத்தார்கள், எப்படித் தூக்கி நிறுத்தினார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. கொஞ்ச நேரத்தில் அதைத் தேடுவதை விட்டுவிட்டேன். என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. இருபத்தாறு வருடமாக இரும்போடு குடித்தனம் நடத்துகிறேன், அதற்கு இதுவும் தெரியும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. தம்பியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவனுக்குத் தலைக்கனம் ஏறும் என்று வேண்டாம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பத்தரைக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். அப்போதுதான் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களை நிறுத்தியிருந்தார்கள், எங்கும் ஈரம். உட்கார முடியாத உயரத்தில் ஒரு வெண்கல நாற்காலி, பாதி உடைத்து பாதி வழவழப்பாக்கிய ஒரு பாறை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் கல் பெட்டிகள் என்று பாதை நெடுக வைத்திருந்தார்கள். திருப்பத்தில், வெள்ளைக் கல் பாவிய மேடையில், எங்கள் சிலை.

சின்னதாகத் தெரியவில்லை.

நாலு மீட்டர் உயரம். நாலு பக்கமும் தகடு வைத்து மூடிய ஒரு நீண்ட இரும்புப் பெட்டி, மூன்று இடத்தில் மடங்கி, முழங்காலில் கையை ஊன்றி எழுந்திருக்கும் ஆள் போல முன்னால் சாய்ந்து நிற்கும். தலை மட்டும் தாம்பாளம் மாதிரி அகலம். மேலே நீலப் பெயின்ட். தம்பி அதற்கு வைத்த பெயர் 'கிளம்புறேன்'. மூலைகளில் ஓடும் வெல்டைத் தேய்த்து மறைக்கவே கூடாது என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். "நீ போட்டது போட்டபடி தெரியணும் அக்கா" என்றான். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது வெயிலில் அந்த வெல்டு, தலை முதல் குதிகால் வரை, அழுத்திப் பின்னிய சடை போல இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் விரலால் தொடப் போய், தொடக் கூடாது என்று ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். நெஞ்சு நிறைந்துவிட்டது எனக்கு.

பிறகுதான் கறையைப் பார்த்தேன். முதுகுப் பக்கத்து வெல்டை ஒட்டிக் காவி நிறத்தில் ஒரு கோடு, மேலிருந்து கீழ் வரை. கீழே வெள்ளைக் கல்லில் அது பரவி, ஒரு பாய் அகலத்துக்கு அசிங்கமாக இருந்தது.

சிலைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் நின்றிருந்தார்கள். தம்பி, இயக்குநர் அம்மா, கட்டட என்ஜினியர். தம்பி எங்களைப் பார்த்தான், ஆனால் கூப்பிடவில்லை. என்ஜினியர் பேசிக்கொண்டிருந்தார்.

"மழை இல்லாத நாள்லயும் ஒழுகுது மேடம். தினம் காலைல பாக்கறேன். உள்ள தண்ணி இருக்கு, இந்த இணைப்பு வழியா வெளிய வருது. வெல்டு விட்டுப்போச்சு. இன்னிக்கு ஒழுகுறது நாளைக்கு விரியும். ஜனங்க நடக்கற இடம், இதை இப்படியே வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் குரலில் வன்மம் ஒன்றும் இல்லை. தன் வேலையைச் செய்யும் மனிதர். அதனாலேயே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இயக்குநர் அம்மா தம்பியிடம் திரும்பினார். "இது உங்க தப்பு இல்ல. செஞ்சு கொடுத்த பட்டறையோட தப்பு. அவங்க வெல்டு சரியில்லன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க போதும். குழுகிட்ட நான் பேசிக்கிறேன். உங்க வரைபடத்தை வச்சு நல்ல கம்பெனில புதுசா செஞ்சிடலாம். உங்க சிலை இங்கயே இருக்கும்." காகிதத்தையும் பேனாவையும் அட்டையோடு நீட்டினார்.

தம்பி அட்டையை வாங்கிக்கொண்டான்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும் என்பது ஊரறிந்தது. ஆனால் அந்த நேரத்தில் கோபம் வரவில்லை. பதினொரு வருடமாக அவன் வாடகை அறையில், வெளிச்சம் இல்லாத மூலையில் களிமண்ணைப் பிசைந்துகொண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வரி எழுதினால் போதும், எல்லாம் முடிந்தது. அவன் எழுதியிருந்தால் அவனை நான் திட்டியிருக்க மாட்டேன். திட்டியிருப்பேன், ஆனால் வீட்டுக்குப் போய். எழுதிவிடட்டும் என்றும் மனம் சொன்னது, எழுதிவிடுவானோ என்றும் அடித்துக்கொண்டது.

தம்பி பேனாவை மூடி அட்டையில் செருகித் திருப்பிக் கொடுத்தான்.

"எழுத மாட்டேன் மேடம். செஞ்சு கொடுத்தது இதோ நிக்கறாங்களே, இவங்கதான். எங்க அக்கா. இவங்க வெல்டு ஒழுகாது. ஒழுகுதுன்னு தெரிஞ்சிடுச்சுன்னா நானே லாரி கொண்டாந்து எடுத்துட்டுப் போயிடறேன். வேற யாரும் இதைச் செய்ய வேணாம்."

இயக்குநர் அம்மா சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். என்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சாக்பீஸ் இருக்கா?" என்று கேட்டேன்.

பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடக்கும் அறையிலிருந்து ஒரு டப்பா வந்தது. எங்கள் தொழிலில் தண்ணீர்த் தொட்டி செய்தால் இப்படித்தான் பார்ப்போம். தொட்டியில் தண்ணீரை நிரப்பி, வெளியே வெல்டு நெடுகச் சாக்பீஸைத் தேய்த்துவிடுவோம். மனிதர் கண்ணுக்குத் தெரியாத கசிவு கூடச் சாக்பீஸுக்குத் தெரியும். ஈரம் பட்ட இடம் உடனே கறுத்துவிடும். இங்கே உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று என்ஜினியரே சொல்கிறார், எனக்கு வேலை மிச்சம்.

"அரை மணி நேரம் குடுங்க சார். எங்க கறுக்குதோ அங்க நீங்களே வட்டம் போடுங்க" என்றேன்.

"சரிம்மா" என்றார் அவர். நியாயமான ஆள்.

என் வீட்டுக்காரர் கைக்குட்டையால் வெல்டைத் துடைத்துக்கொண்டே முன்னால் போனார். நான் பின்னாலேயே சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு போனேன். கை எட்டாத உயரம் வந்ததும் விளக்கு மாற்றும் ஏணியைக் கொண்டுவந்து போட்டார்கள். போகிற வழியில் தகட்டைத் தட்டிப் பார்த்தேன். பட்டறையில் இது கணீர் என்று பேசிய சிலை. இப்போது பொத் என்றது. அடியில் தட்டினாலும் பொத், நடுவில் தட்டினாலும் பொத். கொஞ்சம் தண்ணீர் இல்லை, வயிறு முட்டத் தண்ணீர்.

ஏணியின் உச்சியில் ஏறித் தலையை எட்டிப் பார்த்தேன். விஷயம் புரிந்தது. கிரேனில் தூக்குவதற்காகத் தலைத் தாம்பாளத்தின் நடுவில் மரை வைத்து ஒரு கொக்கி மாட்டியிருந்தோம். சிலையை இறக்கியதும் கிரேன்காரர்கள் கொக்கியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திறந்து கிடந்த அந்த ஓட்டை வழியாக மழையும், தினமும் காலையில் புல்லுக்குத் தெளிக்கும் தண்ணீரும் உள்ளே போய், இப்போது விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. மரையில் பெயின்ட் இல்லாததால் துரு. தினமும் புதுத் தண்ணீர் விழும்போது மேலே இருப்பது வழிந்து, வெல்டின் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. ஒழுகவில்லை, வழிகிறது.

சந்தோஷத்தில் இரண்டு படி இறங்கினேன். மூன்றாவது படியில் கால் நின்றுவிட்டது. மேலே எவ்வளவு தண்ணீர் போனால்தான் என்ன, அது கீழே வெளியேறியிருக்க வேண்டுமே. மூடிய இரும்பு எதைச் செய்தாலும் அடியில் ஒரு ஓட்டை போடாமல் நான் பட்டறையை விட்டு அனுப்பியதில்லை. இதற்கும் குதிகாலுக்குப் பின்னால் என் கையால்தான் போட்டேன், சுண்டுவிரல் நுனி அளவுக்கு.

மேடை ஓரத்து ஈரப் புல்லில் குப்புறப் படுத்துக் கையை விட்டுத் தடவினேன். ஓட்டை இல்லை. தடவித் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. அப்படி ஒரு வழவழப்பை இந்த உலகத்தில் ஒரே ஒருவரால்தான் கொண்டுவர முடியும்.

எழுந்து அவரிடம் போனேன். "என்னங்க, குதிகால்ல ஒரு ஓட்டை இருந்துச்சே."

"ஆமா, இருந்துச்சு" என்றார் முகம் மலர. "நாந்தான் அடைச்சேன். கார் பட்டி போட்டு, மூணு தடவை தேய்ச்சு. உன் கை தவறி ட்ரில் பட்டுடுச்சுன்னு நெனச்சேன். சொன்னா நீ சங்கடப்படுவியேன்னு சொல்லல."

கேட்டை நிறுத்தி வைத்துத்தான் பெயின்ட் அடிப்போம். அடியில் இருக்கும் ஓட்டை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், இருபத்தாறு வருடமாக அது அவர் கண்ணில் பட்டதே இல்லை. இந்தச் சிலை உயரம் என்பதால் படுக்கப்போட்டு அடித்தார். ஓட்டை நேராக அவர் கண்ணைப் பார்த்திருக்கிறது. அவர் சும்மா விடுவாரா?

"தண்ணி போறதுக்குப் போட்டதுங்க அது" என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சிலையைப் பார்த்தார், கல்லில் படிந்த கறையைப் பார்த்தார், தூரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்தார்.

நாங்கள் பேசியது என்ஜினியர் காதில் விழவில்லை. பழியைக் கிரேன்காரர்கள் தலையில் போட்டுவிட்டால் என்ன என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. பாதி உண்மைதானே, கொக்கி ஓட்டையைத் திறந்து போட்டது அவர்கள்தானே. கடைசி வாய்ப்பைத் தூக்கி என் வெல்டின் மேல் வைத்துவிட்டு ஒருத்தன் நிற்கிறான், அவனை எப்படியாவது காப்பாற்றினால் போதும் என்று இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் நடக்கத் தொடங்கிவிட்டார். நேராக என்ஜினியர் முன்னால் போய் நின்றார்.

"சார், அடியில தண்ணி போற ஓட்டை இருந்துச்சு. அதை நான் பட்டி போட்டு அடைச்சிட்டேன். பெயின்ட் வேலை என்னோடது. மச்சானுக்கும் தெரியாது, என் சம்சாரத்துக்கும் தெரியாது. என்ன எழுதறதா இருந்தாலும் என் பேர்ல எழுதிக்கோங்க."

கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அந்த மனிதரை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அந்த நிமிடம் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

என்ஜினியர் முதலில் ஏணியில் ஏறி மேலே பார்த்தார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு சாக்பீஸ் கோட்டைத் தலையிலிருந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு இறங்கினார். அரை மணி எப்போதோ ஆகியிருந்தது. நாலு மூலையையும் பார்த்து முடித்தார். நாலு கோடுகளும் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தன. ஒரு இடத்தில் நின்று விரலால் தேய்த்துப் பார்த்தார், விரலில் உலர்ந்த தூள்தான் ஒட்டியது.

"மேடம்" என்றார் இயக்குநரிடம். "நாலு மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நிறைஞ்சு நிக்குது. எத்தனை மாசமா நிக்குதோ தெரியல. எவ்வளவு அழுத்தம் இருக்கும்னு நாம வேணும்னு சோதிச்சாக்கூட இவ்வளவு வைக்க மாட்டோம். ஒரு இடத்துல கூட ஈரம் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "ரிப்போர்ட்ல நான் எழுதினது தப்பும்மா. மாத்தி எழுதறேன்."

"உள்ளயும் துருப் பிடிக்காம ரெட் ஆக்சைடு அடிச்சுத்தான் சார் மூடினேன்" என்று மட்டும் சொன்னேன், ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டுமே என்று.

அவருடைய பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய திருப்புளியும் சுத்தியலும் கொடுத்தார். சிலையில் கை வைக்கச் சிற்பியின் அனுமதி வேண்டும் என்று இயக்குநர் அம்மா சொல்ல, தம்பி முதல் தடவையாகச் சிரித்தான். "அது அக்கா போட்ட ஓட்டை மேடம். அக்காவே தெறக்கட்டும்."

மறுபடி புல்லில் படுத்தேன். பட்டி இருந்த இடத்தை என் வீட்டுக்காரரே விரல் வைத்துக் காட்டினார். அவ்வளவு நன்றாக அடைத்திருந்தார், அவர் காட்டாமல் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். இரண்டு தட்டு தட்டினேன், அசையவில்லை. மூன்றாவது தட்டில் பட்டி தெறித்தது. காவித் தண்ணீர் ஈட்டி மாதிரி பாய்ந்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் சட்டை முழுவதையும் நனைத்துவிட்டுப் புல்லில் விழுந்தது. அவர் நகரவில்லை. தண்டனையை ஏற்றுக்கொண்டவர் போல அப்படியே நின்றார்.

தண்ணீர் வடிய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அது பாதி வடிந்துகொண்டிருக்கும்போதே குழு வந்துவிட்டது. ஐந்து பேர். நீலச் சிலை குதிகாலிலிருந்து நீர் பீய்ச்சிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, கண்ணாடி போட்ட ஒருவர், "இது புதுசா சேர்த்ததா? நல்லா இருக்கே" என்றார். இயக்குநர் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நடந்ததை அவரும் என்ஜினியரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அந்த ஐந்து பேரும் சிலையைச் சுற்றி வந்தார்கள். சாக்பீஸ் கோடுகளை அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, குனிந்தும் ஏணியில் ஏறியும் வெல்டைப் பார்த்தார்கள். ஒருவர் என்னிடம், "இந்த மடிப்புல கை எப்படி நுழைஞ்சுது?" என்று கேட்டார். அதைக் கேட்க வேண்டும் என்று ஒரு வருடமாக யாருக்கும் தோன்றவில்லை. நான் ஈர உடையோடு நின்று பத்து நிமிடம் விளக்கினேன். அவர் கடைசி வரை கேட்டார்.

தண்ணீர் நின்றது. என்ஜினியர் தகட்டைத் தட்டினார். கணீர் என்றது.

குழுவில் மூத்தவர் ஒரு பெண்மணி. கல் சிற்பம் செய்தே விரல்கள் காய்த்துப்போனவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. எல்லோரும் பேசி முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டு அவர் தம்பியிடம் வந்தார்.

"வெல்டு ஒழுகியிருந்தா நிஜமாவே எடுத்துட்டுப் போயிருப்பீங்களா?"

"போயிருப்பேன்மா."

"பதினோரு வருஷம் கழிச்சுக் கிடைச்சதாமே. சோதிச்சுப் பாக்கறதுக்கு முன்னாடியே எந்தத் தைரியத்துல அப்படிச் சொன்னீங்க? வெல்டிங் பத்தி அவ்வளவு தெரியுமா?"

"வெல்டிங் எனக்குச் சுத்தமா வராது" என்றான் தம்பி. "அக்காவைத் தெரியும்."

அந்த அம்மா அவனையே பார்த்தார். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பி, "இங்கயே இருக்கட்டும்" என்றார். மற்ற நாலு பேரும் தலையை ஆட்டினார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் நனைந்த சட்டையோடு போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டார், அவன் சட்டையும் நாசமானது.

எனக்குப் பெருமையாக இருந்தது. வேறு வார்த்தை ஏதாவது கிடைக்குமா என்று பிறகு யோசித்தும் பார்த்தேன், கிடைக்கவில்லை. என் வேலையை நல்ல வேலை என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், அன்று என்ஜினியர் உட்பட. எல்லோரும் பார்த்துவிட்டுச் சொன்னவர்கள். இவன் பார்க்காமலேயே சொன்னான், அதுவும் தன்னிடம் இருந்த ஒன்றே ஒன்றை எடுத்து வைத்துவிட்டு. அவனிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. நான் ஏணியை மடித்துத் தூக்கிக்கொண்டு கட்டடத்தின் பக்கம் நடந்தேன். அதை எடுத்துவைக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச தூரம் தேவைப்பட்டது.